மயக்கத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி

கறுப்பு ரப்பர் மாஸ்க்கின் வாடை... எத்தனை கழுவினாலும் போகாது. கூடவே மயக்க மருந்தின் லேசான இனிப்பு வாசனை. ஈப்போவில் நான் இளம் டாக்டராக மயக்க மருந்துப் பிரிவில் இருந்த காலத்தில், வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டும் சட்டையில் இருக்கும்.

விரும்பிப் போகவில்லை. ஆள் பற்றவில்லை என்று அனுப்பினார்கள். எனக்கோ வார்டு ரவுண்ட்ஸில் நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூடப் படித்த நண்பன் கிண்டலடித்தான்.

"ஒனக்கு ஏத்த எடம் மச்சான். நோயாளி தூங்கிருவாங்க, நீ பேசவே வேணாம்லா."

பயிற்சி என்றால், இன்று சீனியர் செய்வதைப் பார்ப்பது, நாளைக்கு நாமே செய்வது. நான் ஊசிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர் ஒட்டி, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். திருப்தி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் நிறைய இருந்தது.

இங்கேயே இருப்பதா, வார்டுக்கே திரும்புவதா... பிரிவுத் தலைவருக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது.

அன்றைக்குத்தான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா, பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தார். பால்மரம் வெட்டுபவர். மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனதும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னா தம்பி, விடிஞ்சா எந்திரிச்சா இந்த வாடைதான். இங்கயுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நான் தூங்கிட்டா நீ பாட்டுக்குப் போயிருவியா?"

"இல்லக்கா. இங்கதான் இருப்பேன்."

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தார். குரல் கரகரத்தது.

"வெட்டுன டாக்டரு எங்க?"

"போயிட்டாருக்கா."

"நீ போலயா? ஒனக்கு வேற வேலை இல்லயா?"

அன்று சாயங்காலம், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தலைவர் கேட்டார். விளக்கத் தெரியவில்லை. ஓய்வு பெறும்வரை அதே வேலை... இப்போதாவது விளக்கத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

போன மாதம் எனக்கே குடலிறக்க ஆபரேஷன். மாஸ்க் இப்போது தெளிந்த பிளாஸ்டிக், அந்த வாடை இல்லை. நாங்கள் விரல் வைத்துப் பார்த்த நாடி, திரையில் எண்ணாக ஓடுகிறது. மயக்கம் கொடுக்க வந்தவர் காம்பார் ஊர்ப் பெண், பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர். அவருடைய ஊசிகளிலும் பெயர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"ஏம்மா இந்தப் பிரிவை எடுத்த? பிடிச்சிருக்கா?"

"அதுவா அங்கிள்..."

அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்ன?"

"முழுசா சொன்னேன் அங்கிள். நீங்கதான் ஆரம்பத்துலயே தூங்கிட்டீங்க."

அடுத்த நோயாளி காத்திருந்ததால் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுபரிசோதனைக்குப் போனேன். சர்ஜன் மட்டும்தான் இருந்தார். மயக்கம் கொடுத்தவர்கள் அங்கே வருவதில்லை... நானும் அந்தக் காலத்தில் போனதில்லை. பீடோர் அக்காவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தப் பயிற்சியில் இருந்தால், ஏன் வந்தார்கள், பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

இந்த முறை முழித்திருந்து கேட்கிறேன்.