முத்திரை விழாத கடிதம்

கடல் வந்து எங்கள் வீட்டை எடுத்துப்போன மறுவருடம் என் கணவர் கட்டாருக்குப் போனார். எங்கள் ஊரில் வீடு பெண்ணோடு வருவது. என் சீதன வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. இன்னொன்று கட்டித்தர வாப்பாவுக்குத் தெம்பில்லை. "நான் கட்டித்தாறன் புள்ள" என்று கணவர்தான் சொல்லிவிட்டு, மேசன் வேலை தெரிந்த கையை நம்பி விமானம் ஏறினார்.

நான் சாய்ந்தமருதில் ஒரு நிவாரண அலுவலகத்தில் சேர்ந்தேன். ஐந்து பேருக்கு ஒரு கணினி, ஒரே மின்னஞ்சல் முகவரி. காலையில் கடிதங்களை இறக்கி, எல்லாவற்றையும் அச்செடுத்து, 'கிடைத்தது' என்று முத்திரை குத்தி மேசைகளுக்குக் கொடுப்பார்கள். கூடாரத் தறப்பாள் பட்டியலுக்கும் கூட்ட அழைப்புக்கும் நடுவே என் கணவரின் கடிதமும் முத்திரையோடு வரும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமா இரிக்கன். வாப்பாட இருமல் எப்படி?" மேசனுக்கு டைப்பிங்கும் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை. வாப்பாவின் இருமலை அலுவலகமே விசாரித்தது.

வெள்ளிக்கிழமைத் தொலைபேசி அதைவிட மோசம். என் மூத்தவள் ராத்தா வீட்டில் எல்லோரும் பேசி என் கைக்கு வரும்போது அவருடைய தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருடம்தான். எனக்கென்று அவரிடமிருந்து ஒரு சொல் வராதா என்று ஏங்கிப்போனேன். ஊரே வாசித்தால் மனுசன் என்னத்தை எழுதுவார் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஒருநாள் மதிய ளுஹர் தொழுதுவிட்டு வந்து அந்த மின்னஞ்சல் மென்பொருளில் இரண்டாவது கணக்கைத் திறந்தேன். ஒன்று வேலைக்கு, ஒன்று எனக்கு. பெயர்க் கட்டத்தில் பழக்கதோஷத்தில் 'திட்ட உதவியாளர்' என்று தட்டிவிட்டு, வெட்கப்பட்டு அழித்தேன். கடவுச்சொல் போட்டேன். எனக்கு வருவதெல்லாம் தனிப் பெட்டியில் விழும்படி செய்தேன். "மச்சான், இனி இதுக்கு எழுதுங்க. நான் மட்டுந்தான் வாசிப்பன்" என்று அனுப்பினேன்.

நாலாம் நாள் ஒன்று விழுந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமா இரிக்கன். வாப்பாட இருமல் எப்படி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. "தங்கச்சி, உங்கட மாப்பிளைக்கி டைப் பண்ணத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிக்கிற. நீங்க எழுதுறதையும் நான்தான் வாசிச்சிக் காட்டுற. குறை நினைக்காதீங்க." எழுதியவர் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த, அண்ணன் வயதுள்ள மருதமுனைக் காக்கா ஒருவர்.

இங்கே நான் கணக்கைப் பிரித்து என்ன, அங்கே அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாளும் அவர் கூச்சப்பட்டது என் அலுவலகத்துக்கு அல்ல. இரண்டு தரம் எழுதி அழித்தேன். கடைசியில் பதில் எழுதினேன். "காக்கா, ஒருக்கா மட்டும் அவரத் தனிய உட்டுட்டு எழும்பிப் போங்க."

நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். இணைப்பு நினைத்த நேரத்தில் அறுந்துபோகும். பத்து நாள் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். பதினோராம் நாள் வந்தது. சலாம் இல்லை, இருமல் இல்லை.

"புள்ள நாந்தான் அடிக்கன் பக்கத்தில ஒருத்தரும் இல்ல"

அவ்வளவுதான். அதைத் தட்டி முடிக்க எவ்வளவு நேரம் தவித்தாரோ. மேற்கொண்டு எழுத அவருக்கு முடியவில்லை, எனக்கும் வேறொன்றும் தேவைப்படவில்லை. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்திரையோடு வந்த எழுதுவினைஞர், "அச்செடுக்க ஏதும் இரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "இது எனக்கு வந்தது."