மழைப் பாட்டைக் காவல் காத்த வாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதுவது என் கை இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற தமிழை அவள் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். இதில் எங்காவது நல்ல தமிழ் தென்பட்டால் அது அவளுடையது. உளறல் எல்லாம் என்னுடையது.

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சலூன் இருந்தது. மலைமேல் மொட்டை அடிப்பவர்கள் வேறு. நான் கீழே, மொட்டைக்கு மனசு வராத பாவிகளுக்கு முடி வெட்டினேன். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, எதிரெதிராக ரெண்டு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொன்று என்று என் மூஞ்சி போய்க்கொண்டே இருக்கும். "இத்தன தரம் பாக்கற அளவுக்கு அதுல இன்னா கீது?" என்பாள் என் மனைவி.

செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிலுக்கு விடுமுறை. ஊர் முழுக்க முருகனைப் பார்க்க ஜனம் ஏறும், நான் பலகைக் கதவைச் சாத்தி வைத்திருப்பேன். சாயங்காலம் ஆனால் ரெண்டு பலகையை மட்டும் எடுத்து வைப்பேன். அந்தச் சந்து வழியாக ஒவ்வொருவராக நுழைவார்கள். பாட்டுக் கூட்டம்.

ஆரம்பித்து வைத்தவர் பாவா. தறி வைத்திருந்த நெசவாளர். வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியே வந்தால் பழைய தமிழ்ப் பாட்டாகக் கொட்டுவார். தெலுங்கில் அத்தானைப் பாவா என்பார்கள், ஊரில் எல்லோருக்கும் அவர் பாவாதான். அடுத்தவர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இளம் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் டவுன் பஸ் பிடித்து வருவார். அவர் புதுக்கவிதைக்காரர். இன்னும் நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். பாவா பழைய பாட்டு ஒன்று சொல்வார். அதற்குப் பதில் சொல்வது போல வாத்தியார் புதுக்கவிதை ஒன்று சொல்ல வேண்டும். பழசில் பசி வந்தால் புதுசில் ரேஷன் கடை வரும். பழசில் யானை வந்தால் புதுசில் மந்திரி வருவார். எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான். டீ வாங்கி வருவதும் கேட்பதும் என் வேலை. படிக்கத் தெரியாதவனுக்குக் காதுதான் கண். ஆனால் ராகம் இல்லாமல் என் மண்டையில் எதுவும் தங்காது. பழசோ புதுசோ, எல்லாவற்றையும் தெருக்கூத்து ராகத்தில் இழுத்துத்தான் மனப்பாடம் செய்வேன்.

"அண்ணா, புதுக்கவிதைக்கு ராகம் போடாதீங்கண்ணா. பாவம் அது" என்பார் வாத்தியார்.

"கயிறு கட்டலன்னா ஆடு நிக்குமா சார்? பூடும்."

"நீங்க கயிறு கட்டுனா என் கவிதைக்கு ஆயிரம் வயசாயிடுது."

பாவா சிரித்துச் சிரித்து இருமுவார்.

பிறகு எமர்ஜென்சி வந்தது. அது என்னவென்று எனக்கு யாரும் விளக்கவில்லை. நாற்காலிதான் விளக்கியது. சலூனுக்கு வருகிறவன் தலையைக் கொடுத்த கையோடு ஊர் வம்பையும் கொடுப்பான். அந்த நாட்களில் தலையை மட்டும் கொடுத்தார்கள். கத்திரிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அரக்கோணத்தில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே என்று பெண்டாட்டிக்கே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னார். அதையும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாவா மழைப் பாட்டு ஒன்று சொன்னார். மழைக்காலம் வந்துவிட்டது, வருகிறேன் என்றவன் வரவில்லை என்று ஒருத்தி தோழியிடம் சொல்கிற பாட்டு. வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எடுக்கும்போதே அவருக்கு வேர்த்திருந்தது. படித்தார்.

மழை பெய்கிறது என்று
முரசு அறைந்தார்கள்.
ஊரே குடை விரித்தது.
காய்ந்த மண்ணைப் பார்த்தவன்
கண்ணை மூடிக்கொண்டான்.
நனையாத குற்றத்துக்கு
நாளை யாரைப் பிடிப்பார்கள்?

ரெண்டு கண்ணாடியிலும் எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பெஞ்சிலிருந்த ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

பாவாதான் வாயைத் திறந்தார். "நல்லா கீது சார். அதான் பயமா கீது. அந்தத் தாள அடுப்புல போடுங்க."

வாத்தியாருக்கு அரசாங்க வேலை. அப்போதுதான் கிடைத்த வேலை. அந்தச் சம்பளத்தை நம்பித் திருவாலங்காட்டில் ஒரு குடும்பமே உலை வைத்தது. இந்த ஏழு வரி வெளியே போனால் வேலை போகும், ஆளும் போகலாம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தாளை விடாமல் பிடித்திருந்தார்.

"எரிச்சிட்டா அப்புறம் இது எங்க இருக்கும் பாவா?"

பாவா என்னைப் பார்த்தார். "இவன் மண்டையில வெச்சிடலாம். போலீஸ்காரன் பூட்ட ஒடச்சி உள்ள பூந்தாலும் காலி ஊடுன்னு திரும்பிப் பூடுவான்."

வெந்நீர் அடுப்பில் தாள் எரிந்தது. நான் லைப்ரரி ஆனேன். கையெழுத்துப் போடத் தெரியாத லைப்ரரி.

பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். பயம் வந்தால் சிலர் ஊமையாகிவிடுவார்கள். எனக்கு நேர்மாறு, வாய் தானாகப் பாடும். சவரம் செய்யும்போது என்னையறியாமல் "முரசு அறைந்தார்கள்" என்று முனகுவேன். நாற்காலியில் இருப்பவர் கண்ணைத் திறந்தால் இருமலாக மாற்றிவிடுவேன். பாதி ஊர் எனக்குக் காசநோய் என்று பேசிக்கொண்டது.

"தூக்கத்துல மழ மழன்னு பொலம்பிகினு கீற. வெளிய ஒரு தூறலும் காணோம். இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்றாள் மனைவி. மறுநாளிலிருந்து வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தேன். அது கொசுவுக்கு என்று அவளிடம் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல வேளையாக வாத்தியார் வர நேரமானது. பாவாவும் நானும் மட்டும் இருந்தோம். கண்ணாடியில் பலகைச் சந்து தெரிந்தது, அதில் காக்கிக் கால்சட்டை தெரிந்தது. எதிர்க் கண்ணாடியிலும் தெரிந்தது. கண்ணாடிக்குள் கண்ணாடி என்று ஒரு பட்டாளமே வரிசையாக நின்றது. வந்தவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள்தான்.

"லீவு நாள்ல கடையில இன்னா பண்றீங்க?"

"பாட்டுங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

"ஐயா உன்ன இட்டுனு வரச் சொன்னாரு."

பாவா எழுந்தார். "நானும் வரேன்" என்றார். "உன்னச் சொல்லல, பெருசு" என்றார் கான்ஸ்டபிள். நான் கதவைப் பூட்டப் போனேன். சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்றது. பாவா வாங்கிப் பூட்டினார். நாங்கள் தெருவில் இறங்கும்போது டவுன் பஸ் வந்து நின்றது. வாத்தியார் படியில் ஒரு காலை வைத்துவிட்டு என்னையும் காக்கியையும் பார்த்தார். இறங்கவில்லை. பஸ் கிளம்பியது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பஸ் கிடைத்திருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் மெதுவாகப் பேசினார், ஒரு பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே.

"செவ்வாக்கெழமல உன் கடையில கூட்டம் கூடுதாமே."

"கூட்டமெல்லாம் இல்லீங்க ஐயா. வேல இல்லாதவங்க நாலு பேரு. பழைய பாட்டு சொல்லிகினு இருப்போம்."

"பழைய பாட்டா? நீ படிச்சிருக்கியா?"

"மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கலீங்க ஐயா."

மழை என்ற வார்த்தை வாயில் வந்ததுமே எனக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது.

"எங்க, ஒண்ணு பாடு."

ஆயிரம் பாட்டு தெரியும். நாக்கு மழைப் பாட்டைத்தான் எடுத்தது. பாவாவின் பழைய பாட்டு, பயமில்லாத பாட்டு. ஒழுங்காகப் பாடி முடித்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் மண்டையில் எல்லாமே ஜோடி. பழசு முடிந்தால் புதுசு தானாக வரும், ஒரு கன்னம் மழித்த கத்தி மறு கன்னத்துக்குப் போவது போல. "மழை பெய்கிறது என்று" என்று இழுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பாதிச் சவரத்தில் கத்தியை எடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வேறு வழி இல்லை. கூத்துக்காரன் மாதிரி கண்ணை மூடி, ஒவ்வொரு வரியையும் ஜவ்வு மிட்டாயாக இழுத்தேன். கடைசி வரி வந்ததும் பென்சில் நின்றது.

"கடைசி ரெண்டு வரிய இன்னொரு தரம் பாடு."

பாடினேன். குரல் நடுங்கியது. அதையும் ராகம் என்று நினைத்திருப்பார்.

"எந்தக் காலத்துப் பாட்டு இது?"

"ராஜா காலத்துதுங்க ஐயா."

"எந்த ராஜா?"

"அத எழுதி வெக்கலீங்க போல. பாடுனவன் பயந்தவனா இருப்பான்."

அவர் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "அந்தக் காலத்துலயே எப்டி எழுதிகிறான் பாத்தியா" என்றார்.

அதோடு விட்டாரா? வாரத்தில் ஒரு நாள் காலையில் சவரத்துக்கு என் கடைக்கே வர ஆரம்பித்தார். நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டி, "அந்த மழப் பாட்டு" என்பார். நான் ஒவ்வொரு வரியாகப் பாட அவர் திருப்பிச் சொல்லுவார். கத்தி என் கையில் இருந்தது, கழுத்து அவருடையது, நடுங்கியது மட்டும் நான். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. வாத்தியார் திருத்தணிப் பக்கமே வருவதில்லை.

ஒரு நாள் படிகாரம் தேய்க்கும்போது அவர் சொன்னார். "ஒரு பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாவுக்குக் கூப்ட்டுகிறாங்க. இந்தப் பாட்டத்தான் சொல்லப் போறேன். நீயும் வந்து முன்னாடி ஒக்காரு. மறந்துட்டா எடுத்துக் குடு." எந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொன்னார். வாத்தியாருடைய பள்ளிக்கூடம்.

விழாவன்று போனதும் வாத்தியாரைத்தான் தேடினேன். சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரம் நின்றிருந்தார். இளைத்திருந்தார்.

"சார், எனக்கு வேற வழி தெரியல."

"நீங்க என் பேரச் சொல்லலியேண்ணா. அது போதும். போய் ஒக்காருங்க. எம் பக்கம் பாக்காதீங்க."

அதிகாரி மைக் முன்னால் நின்றார். நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே எவ்வளவு பாடி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டை ஆரம்பித்தார். முரசு அறைந்தார்கள். ஊரே குடை விரித்தது. அங்கே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. தூக்கத்திலும் இருமலிலும் துண்டைத் தாண்டியும் வந்த பாட்டு, அன்றைக்கு வரவில்லை. பாவா சொன்னது உண்மையாகிவிட்டது. காலி வீடு. மைக் கொய்யென்று சத்தம் போட்டது.

"காய்ந்த மண்ணைப் பார்த்தவன்."

மேடை ஓரத்திலிருந்து மெதுவாக வந்தது அந்தக் குரல். ராகம் இல்லாமல், சலூனில் முதல்முறை படித்தது போலவே.

அதிகாரி திரும்பினார். "சாருக்கும் தெரியுமா இது?"

"பழைய பாட்டுதானே ஐயா" என்றார் வாத்தியார். தட்டில் சந்தனக் கிண்ணம் ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"எதுல படிச்சீங்க?"

வாத்தியார் குனிந்து தட்டைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"மறந்தவன் நானு, கேள்வி அவருக்கா ஐயா? என்னப் பெஞ்சு மேல ஏத்துங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியரும் சிரித்தார். அதிகாரி சிரிக்க ஒரு மூச்சு நேரம் ஆனது. "வாத்தியார்னா வாத்தியார்தான்" என்று சொல்லிவிட்டு மைக்குக்குத் திரும்பி, மீதியைச் சொன்னார். நாளை யாரைப் பிடிப்பார்கள் என்ற வரியில் அவர் யாரைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வாத்தியாரும் தட்டினார், தன் பாட்டுக்கே, யாரோ செத்துப்போன புலவனைப் பாராட்டுவது போல. நானும் தட்டினேன். முதலில் நிறுத்துகிறவன் யார் என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று பயமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கூட்டம் ஓய்ந்த பிறகும் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தோம்.