ஒரு வரிசை திராட்சை

பங்குனிக் கடைசி. வறண்ட சாயல்குடிப் பக்கம் திராட்சை வெட்டப் போகிறேன் என்றதை எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. காலை ஆறு மணிக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் இரண்டு காலிப் பழப்பெட்டிகளோடு பஸ் ஏறினேன்.

"காத்துக்கும் லக்கேஜ் போடணுமாண்ணே?" என்றார் கண்டக்டர்.

திரும்பி வரும்போது பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். கூச்சமாக இருந்தது.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, சாயல்குடியில் இறங்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. தங்கை வள்ளியின் கணவர் முனியசாமி பைக்கோடு நின்றார். மிளகாய்க் காட்டில் அரை ஏக்கரை ஒதுக்கி, திராட்சைக்குப் பேர்போன கம்பத்திலிருந்து நடவுக் குச்சி வாங்கி வந்து திராட்சைப் பந்தல் போட்டவர். இந்தக் கோடையில் காய்க்காவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்று தை மாதமே சொல்லியிருந்தார்.

உப்பளத்தையும் பனைகளையும் தாண்டிப் போனோம். பந்தலுக்குள் நுழைந்ததும் கண் இருட்டியது. அவ்வளவு இலை. சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு பச்சை இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு குலைகூடக் காணோம். கடைசி வரிசையில்தான் இலை குறைந்து வெயில் விழுந்தது. அங்கே கொத்துக் கொத்தாகக் கறுத்த பழம்.

"இது மட்டும் எப்படி மாப்ள?"

தண்ணீர் கொண்டுவந்த வள்ளி சொன்னாள்: "மார்கழியில நான் கவாத்து வெட்டுன வரிசைண்ணே. கொடிய மொட்டையாக்கிட்டேன்னு இவுக கத்தரியப் பிடுங்கிட்டாக."

பழைய கொடியை வெட்டிவிட்டால்தான் புதுத் துளிரில் பூ வரும். கம்பத்தில் இருவரும் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

"அங்க வாய்க்கால்ல தண்ணி ஓடுது மச்சான். இங்க ஒரு இல தழைக்க என்ன பாடு. பச்சக் கொடியில கத்தி வைக்க மனசு வரல. ஆட்டக்கூட உள்ள விடாமக் காத்தேன்."

"விட்டிருக்கலாம். ஆடாவது கவாத்து பண்ணியிருக்கும்" என்றாள் வள்ளி.

சாப்பிட்ட பிறகு அவர் கத்தரியோடு வந்து நின்றார். "வள்ளி, மத்த கொடியில எத்தன கணு விட்டு வெட்டணும்?"

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். "இப்ப வெட்டுனா துளிருக்கு ஊத்தத் தண்ணி ஏது? மழ பெஞ்சு, அடுத்த மார்கழி வரட்டும்."

"அதுவரைக்கும் பந்தல் நிக்கட்டுமா?"

"பிரிக்கணும்னு சொன்னது நானா?" என்றாள். கத்தரியை வாங்கி, கடைசி வரிசையில் பழம் வெட்டத் தொடங்கினாள்.

ஒரு பெட்டி நிறைந்தது. மற்றதைக் காலியாகவே கட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். ராமநாதபுரம் வரை இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரிலும் வரப்பில் நின்று பயிர் பச்சையாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். மாப்பிள்ளை இடத்தில் நான் இருந்திருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன். அதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.