வரைபடம் ஏறும் வரை

கம்ப்யூட்டரில் இருக்கும் வரைபடத்தை உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றுக்குள் ஏற்றிக் கொடுப்பது என் வேலை என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. அது ஏறி முடியும்வரை எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே வேலைதான் என்று யாரும் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில், லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஆபீஸ். நில அளவைக் கருவிகள் விற்கும் சின்ன நிறுவனம். முதலாளி ரங்கன் சார், வெளிவேலைக்குத் தாமோதரன், கம்ப்யூட்டருக்கு நான். ஜி.பி.எஸ். என்றால் அன்றைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிற கைக்கருவி. அதற்குள் வரைபடம் வேண்டுமென்றால், கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு தடித்த ஒயரைத் திருகி மாட்டிவிட்டு, திரையில் ஒரு நீலக் கோடு பூஜ்யத்திலிருந்து நூறுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல நாளில் ஒரு மணி நேரம். மற்ற நாட்களைப் பற்றிக் கேட்காதீர்கள். தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றுவிட்ட நீலக் கோட்டை நீங்களும் எப்போதாவது வெறித்துப் பார்த்திருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுபத்தெட்டில் போன கரண்ட்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். சாலை போடும் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் கருவியோடு வந்தார். அன்று சாயங்காலம் அவர் ஜீப்பில் கிளம்பி ஆந்திர எல்லைக்குப் போக வேண்டும். கோடு எழுபத்தெட்டில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. மின்சாரம் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று வாங்கி வைத்திருந்த பேட்டரிப் பெட்டி, ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது.

அப்போதுதான் அந்தக் கருவியின் குணம் எனக்குத் தெரிந்தது. புதிய வரைபடத்தை வாங்கிக்கொள்வதற்கு முன்பே அது பழையதை அழித்துவிடும். பாதியில் நின்றால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாற்பதில் மறுபடியும் போயிற்று. இன்ஜினியர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை நான் திரையை விட்டு அசையவே இல்லை. டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. அதைப் பார்த்த தாமோதரன் சொன்னான்: "நீ மொறச்சிக்கினே இருந்தா அது வேகமா பூடுமா இன்னா? அது பாட்டுக்குப் போய்க்கினு கீது மேடம், நீ போய்ச் சாப்டு."

முப்பது அடி

தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலமான பிறகு ஊர் நிலத்தைப் பாகம் பிரித்ததில், இரண்டு பங்குக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் யாருடையது என்று தகராறு. ஊரில் அளந்தவரை அண்ணன் நம்பவில்லை. அண்ணன் கூப்பிட்டு வந்தவரைத் தம்பி நம்பவில்லை. மனுஷன் அளந்தால்தானே சந்தேகம், மிஷின் அளக்கட்டும் என்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வந்து, பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

நீலக் கோடு நகர ஆரம்பித்தது. அந்த ஒரு மணி நேரமும் இருவரும் என்னோடுதான் பேசினார்கள். "உங்க ஊரு எதும்மா?" என்று அண்ணன் கேட்டால், கொஞ்ச நேரம் விட்டுத் தம்பி அதையே வேறு மாதிரி கேட்பார். தொண்ணூறைத் தாண்டியபோது எத்தனை அடிக்குத் தகராறு என்று நான் கேட்டேன். முப்பது அடி என்றார்கள். அந்த நாட்களில், செயற்கைக்கோள்களை வைத்திருந்த அமெரிக்க ராணுவம் எங்களுக்கெல்லாம் வரும் சிக்னலை வேண்டுமென்றே கொஞ்சம் கலக்கித்தான் அனுப்பியது. கருவி காட்டும் இடம் முந்நூறு அடி வரை தள்ளிப்போகலாம். சொல்லாமல் விற்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினார்: "ஏல, முப்பது அடிக்கு ஒரு வருசமா மூஞ்சி கொடுத்துப் பேசல. இது முந்நூறு அடி தப்பும்னு கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம இருக்கு பாரு."

எங்கே இருக்கா?

நரசிம்மன் மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில் குளத்துக்குப் பின்னால் வீடு. அமெரிக்காவிலிருந்து வந்த மகன் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மயிலாப்பூர்த் தெருக்களை நானே கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தேன். அதைத்தான் ஏற்றித் தரச் சொன்னார். கோடு நகரும்போது அவராகவே விஷயத்தைச் சொன்னார். மாமிக்கு ஒரு வருஷமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் வெளியே இறங்கி நடந்துவிடுவாராம். ஒரு தடவை அடையாறில் கண்டுபிடித்தார்கள். இன்னொரு தடவை திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில், செருப்பில்லாமல்.

நூறு வந்தது. ஒயரைக் கழற்றிக் கருவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் துண்டால் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இதை அவ கழுத்துல கட்டிட்டா, அவ எங்கே இருக்கான்னு எனக்கு ஆத்துல இருந்தே தெரிஞ்சுடுமோல்லியோ?" இது எங்கேயும் செய்தி அனுப்பாது, கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் அவர் நிற்கும் இடத்தைக் காட்டும் என்று எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். அவர் கருவியை அதன் பெட்டியில் வைத்து, அட்டையை ஒழுங்காக மடித்து மூடினார். மாடிப்படி வரைக்கும் கூடவே போனேன். முதல் படியில் நின்று சொன்னார்: "தான் எங்கே இருக்கோம்னு அவளுக்கே தெரியும்னா, நான் ஏம்மா இங்கே வந்து உக்காந்துண்டு இருக்கப்போறேன்?"

நாளைக்கு வாங்க

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் குமார், சேகர் என்று அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. குமார் ஒரு கருவியைக் கொண்டுவந்து, கரையும் ஆழமும் காட்டும் வரைபடம் ஏற்றச் சொன்னார். வழக்கமாக வலை போடும் இடங்களை அதில் புள்ளிகளாகக் குறித்து வைத்திருந்தார். அழிந்துவிடப் போகிறதே என்று முதலில் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்தேன். பிறகு வரைபடத்தை அனுப்பினேன். அறுபதில் அறுந்தது. மணி ஐந்து. மறுபடி ஆரம்பித்தால் ஆறைத் தாண்டும், அசோக் நகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. "நாளைக்கு வாங்க" என்றேன். குமார் கருவியை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் சேகர் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. தேடுவதற்கு நான்கு படகுகள் கிளம்பி நிற்கின்றன. நான் பதற்றத்தில் வரைபடக் கோப்பைத் திறந்தேன். அவன் மேஜையைத் தட்டினான். "மேப்பு இன்னாத்துக்கும்மா இப்ப? எங்கண்ணன் போற எடத்தை மட்டும் போட்டுக் குடு!" புள்ளிகள் மட்டும் என்றால் இரண்டே நிமிஷம். நான் ஒயரைக் கழற்றியதுதான் தாமதம், கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அந்தப் புள்ளிகளில் எதிலும் குமார் இல்லை. இன்ஜின் பழுதாகி, நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. கிளம்பிய மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, ஆனால் உயிரோடு. பத்து நாள் கழித்து, விட்டுப்போன வரைபடத்தை ஏற்றிக்கொள்ள அவரே ஆபீசுக்கு வந்தார். கோடு நகர்ந்துகொண்டிருக்கும்போது, அன்று நான் பஸ்ஸுக்காகத்தான் "நாளைக்கு வாங்க" என்று சொன்னேன் என்பதை ஒப்புக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. குமார் நிதானமாகச் சொன்னார்: "இது கையில இருந்திருந்தாலும் இன்ஜின் நின்னா நின்னதுதாம்மா. ஆனா எங்க கீறோம்னு தெரிஞ்சிருந்தா, பயம் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும்."

மூவாயிரம் புள்ளிகள்

அபிராமபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் பாஸ்கர் அணைத் திட்டம் ஒன்றுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் சர்வே வேலை பார்த்தவன். அங்கே காய்ச்சல் கண்டு, சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்த நான்காம் நாள் போய்விட்டான். அவனுடைய பையைக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் கொடுத்தபோது உள்ளே இந்தக் கருவியும் இருந்ததாம். "இதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

உள்ளே அவன் நடந்த தடம் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். இந்த முறை கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்கு, எதிர்த்திசையில் வர வேண்டும். எங்கள் பழைய மென்பொருள் ஒவ்வொரு புள்ளியாக வாங்கி, சரிபார்த்து, திரையில் வைத்தது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மெல்ல வளைந்து மேலே ஏறியது. ஓரிடத்தில் புள்ளிகள் கொத்தாக விழுந்தன. "இங்க ஏன் இப்படி?" என்றார். அதே இடத்தில் ரொம்ப நேரம் இருந்திருக்கிறார் என்றேன். "சாப்பிட உட்கார்ந்திருப்பான். மெதுவாத்தான் சாப்பிடுவான்" என்றார், வகுப்பில் விடை சொல்வது போல. அப்புறம் கோடு மறுபடி நகர்ந்தது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரங்கன் சார் அந்த வாரம்தான் புதுக் கம்ப்யூட்டரும் புது ஒயரும் வாங்கியிருந்தார். அந்த அம்மாவைக் காக்க வைக்கிறோமே என்று அவருக்குச் சங்கடம். அறையிலிருந்து வெளியே வந்து, "என் ரூம்ல போட்டா இரண்டே நிமிஷத்துல மொத்தமும் வந்துடும்மா. மாத்திடச் சொல்லட்டுமா?" என்றார். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வேண்டாம் சார். அவன் நடந்த மாதிரியே வரட்டும்."

மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வழி ஏற்றி அனுப்பியிருக்கிறேன், ஆனால் இன்றைக்கும் பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று பூக்காரம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.