போளூருக்கு நான் மட்டும் போனது

1959, கார்த்திகை மாதம். பழனியிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். கோடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில், போளூரில், பூண்டு விவசாயம் செய்துவந்த என் தாய்மாமாவுக்கு மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. சாவுச் செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்காவது போக வேண்டுமென்று அம்மா பையில் சேலையை எடுத்து வைத்துவிட்டாள். "அந்த மேடெல்லாம் உன்னால ஏற முடியாதும்மா" என்று நான்தான் நிறுத்தினேன். பழனி மலை அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. கார்த்திகைக் கூட்டத்தில் கடையில் உட்கார ஆள் வேண்டும் என்பதுதான் நிஜம். அதை அவளிடம் சொல்லவில்லை.

வத்தலக்குண்டில் பஸ் மாறினேன். கோடைக்கானலுக்கு முப்பது மைலுக்குச் சற்று மேல். கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். பஸ் முக்கி முனகி ஏறியது. பெருமாள்மலை வந்ததும் காது அடைத்துக்கொண்டது. கோடைக்கானலில் இரவு தங்க அறை வாடகை ஒரு ரூபாய், கம்பளிக்கு நாலணா தனி. குளிருக்குக்கூட வாடகை வாங்குகிற ஊர்!

மறுநாள் விடிந்ததும் பூம்பாறைக்குக் காய்கறி லாரி கிடைத்தது. பதினோரு மைல், அரை ரூபாய். யார் வீட்டுக்கு என்று டிரைவர் விசாரித்தார். சொன்னேன்.

"அடடே, அவரா! மூட்டையத் தராசுல ஏத்துறதுக்கு முன்னால அவரே தட்டி விடுவாருங்க, மண்ணு உதுரட்டும்னு. மண்ணுக்குக் காசு வாங்காத மனுசன். சிரிச்சார்னா பின்னால வர்ற லாரிக்குக் கேக்கும்."

அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு மாமா மலைப்பாதை வழியாகவே நடந்து பழனிக்கு இறங்குவார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவார். கடையில் உட்கார்ந்தால் கேட்டதற்கு மேல் ஒரு கட்டி சூடம் போட்டுக் கொடுப்பார். அப்பா பல்லைக் கடிப்பார், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர் இருக்கும் இரண்டு நாளும் அவள் வேறு ஆள்.

பூம்பாறையிலிருந்து நடை. உப்பு மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஒரு பாட்டியம்மா வழித்துணையாக வந்தார். அம்மாவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். யார் காரியத்துக்குப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கூடப் பொறந்தவ, ஒங்கம்மா வரலையாப்பா?"

"அவங்களால இந்த மேடு ஏற முடியாதுங்க" என்றேன், மூச்சிரைத்தபடி. அவர் மூட்டையைச் சரிசெய்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மன்னவனூர் பிரிவில் அவர் விலகிப் போகும்வரை பின்தங்கியே நடந்தேன்.

போளூர் சேரும்போது மதியம் இரண்டு மணி. இலை போட்டுப் படையல் தயாராக இருந்தது. ஊரே சாப்பிடாமல் காத்திருந்தது. அத்தை வாசலுக்கு ஓடிவந்தாள்.

"வாங்க மாப்ள. மதினி பின்னால வர்றாங்களா? படையல்ல மொதக் கைச்சோறு கூடப் பொறந்தவங்கதான் வைக்கணும். அதான் யாரும் கை நனைக்கல."

இல்லை என்று சொல்ல வேண்டியவன் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உடனே நான்கு பேர் பரணிலிருந்து ஒரு டோலியை இறக்கினார்கள். மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலி. நான் வாயெடுப்பதற்குள் பாதையில் ஓடி மறைந்துவிட்டார்கள்.

"ஒங்க மாமா மதினிக்குன்னே கட்டுனது" என்றாள் அத்தை. "ஒவ்வொரு தையிலயும் அவங்களக் கூப்பிட்டுப் பாத்துட்டுத் தனியாத் திரும்பி வந்து, அடுத்த வருசம் வருவாங்கன்னு கவுற மட்டும் மாத்துவாரு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்னாலேயே ஓடினேன். ஓடைத் திருப்பத்தில்தான் பிடிக்க முடிந்தது.

"அம்மா வரலை" என்றேன். "நான்தான் கூட்டிட்டு வரலை."

நான்கு பேரும் டோலியை இறக்கி வைத்தார்கள். முன்கழி பிடித்த பொன்னையா, மாமாவின் பங்காளி மகன், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"துக்க வீட்டுலருந்து ஆளைத் தூக்கப் போன டோலி வெறுமனே திரும்பக் கூடாது. இன்னொரு சாவு விழுகும்பாங்க. ஏறுங்க மச்சான்."

"நான் நடந்தே வர்றேன்..."

"ஏறுங்க."

ஏறினேன். முப்பது வயதுத் தடியனை, பட்டினியாய்க் கிடந்த நான்கு பேர் சுமந்துகொண்டு மேடு ஏறினார்கள். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

டோலியைப் பார்த்ததும் பெண்கள் அழுதபடி எதிரே ஓடிவந்தார்கள். கிட்ட வந்ததும் அழுகை நின்றது. அத்தை செம்போடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னாலிருந்த பாதையைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"மதினிக்குன்னு காய்ச்சுனது. ஆறிரும்" என்றாள்.

தண்ணீர் இதமாகச் சுட்டது. அம்மாவின் பேரைச் சொல்லி முதல் கைச்சோற்றை என்னையே வைக்கச் சொன்னார்கள். பேரைச் சொல்ல வாய் வரவில்லை, பொன்னையாதான் சொன்னான்.

மறுநாள் காலை புறப்பட்டேன். வழிக்குக் கட்டுச்சோறும் அம்மாவுக்கு ஒரு பிடி பூண்டும் கொடுத்தார்கள். ஊர் எல்லை வரை கூடவே வந்தார்கள். அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை.