காகத்துக்கு ஒரு துண்டு ஓட்ஸ்

எங்கள் ஊரில் ஓட்ஸ் என்றால் வருத்தக்காரரின் சாப்பாடு. கடையில் ஒரு பெட்டி ஓட்ஸ் கேட்டுப் பாருங்கள், எடுத்துத் தரும் முன்பே "ஆருக்குச் சுகமில்லை?" என்று விசாரிப்பார்கள். ஆகவே விடியற்காலையில் நான் ஓட்ஸ் பெட்டியும் கையுமாகக் குசினியில் நின்றதைக் கண்டு என் மனிதர் பதறியதில் பிழை இல்லை.

"இஞ்சாரும், உமக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்டுமில்லை. கேக் மாதிரி ஒண்டு செய்து அவணிலை வைக்கப் போறன்."

"ஓட்ஸிலையோ? கடவுளே, நல்லா இருக்கிற சனத்தையும் படுக்கையிலை விழுத்தப் போறீர்."

அவருக்கு வாய் கொஞ்சம் கூட. வேறு நாளென்றால் நானும் நல்லாய்த் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு என் யோசனை முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கிறார். கூடப்பிறந்த அக்கா இல்லை. நான் கலியாணம் முடித்து உடுவிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு அக்கா, அவருடைய மனிதர் அண்ணை. நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவக்காரர். நத்தாருக்கு எங்கள் கேக் வேலியை விலக்கி வைத்த பொட்டுக்குள்ளால் அங்கே போகும், தைப்பொங்கலுக்கு அவர்களின் புக்கை இங்கே வரும். போன மாரியில் அண்ணை போய்விட்டார். கடைசி மாதங்களில் அவருக்குத் தொண்டையால் இறங்கியது ஓட்ஸ் கஞ்சி ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அக்கா மிச்சப் பெட்டிகளைக் கொண்டுவந்து என்னிடம் திணித்தார்.

"உதைக் கண்ணாலை காண ஏலாமல் கிடக்கு, பிள்ளை. நீ ஏதாவது செய்."

அதன் பிறகு அக்கா காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஆண்டுத் திவசம் வரைக்கும் காகத்துக்கு வைக்காமல் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று தனக்குள் ஒரு நேர்த்தி. காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும், அந்தச் சோறு மத்தியானம்தான் வேகும். அதுவரை வெறும் தேத்தண்ணியும் பிறசர்க் குளிசையும். வெறும் வயிற்றில் குளிசை! சொன்னால் கேட்கிற ஆளா? ஒருநாள் காலை கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா தலை சுற்றி விழுந்து கிடக்கிறார். நெற்றியில் இரத்தம். அடுத்த முறை விழும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால்? பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

"விடியவே சோத்தைக் காய்ச்சி வையுங்கோவன்! காகம் வேண்டாமெண்டே சொல்லப் போகுது?" என்று, காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே ஏசினேன்.

"ஒரு சீவனுக்கு விடியவே உலை வைக்க மனம் வருகுதில்லையடி பிள்ளை."

விழுந்த வாளியை நிமிர்த்தித் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

கனடாவில் இருக்கும் மகள் போனில் ஒருநாள் ஓட்ஸை அவணில் வைத்து எடுத்துக் காட்டியிருந்தாள். அது நினைவுக்கு வந்தது. அண்ணைக்கு என்று வாங்கிய ஓட்ஸ்தானே, அவருடைய பங்காகவே காலையில் காகத்துக்குப் போகட்டும், பிறகு அக்கா சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். கஞ்சியாக இல்லாமல் துண்டு துண்டாக வெட்டி வைத்தால் அக்காவுக்கு அந்தப் பழைய நினைவும் வராது. ஓட்ஸில் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். பனங்கட்டியைத் தட்டிப் போட்டேன். ஏலக்காய், பிளம்ஸ், மேலே கை நிறைய முந்திரிக் கஜு. வெந்து வரும்போது வீடெல்லாம் வாசம். என் மனிதர் குசினி வாசலில் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

சூட்டோடு சூடாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனேன். அக்கா மூடியிருந்த துணியைத் தூக்கி மணந்து பார்த்தார்.

"இது அவரின்ரை ஓட்ஸோ?"

"ஓம் அக்கா. அவருக்கெண்டு வாங்கினது அவருக்குத்தானே போகவேணும். முதல் துண்டு காகத்துக்கு."

அக்காவின் கண் கலங்கியது. துண்டை எடுக்கக் கை நீட்டியவர், இடையில் நிறுத்தினார்.

"முட்டை போட்டனியோ, பிள்ளை?"

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போட்டேன்தான், இரண்டு! எங்கள் வீட்டில் முட்டை அடிக்காமல் அவணைச் சூடாக்குகிற வழக்கமே இல்லை. கை தன்பாட்டில் உடைத்து ஊற்றிவிட்டது. அந்த வீட்டில் திவசம் முடியும் வரை மச்சம், முட்டை இல்லை என்பதை வேலிக்கு இந்தப் பக்கம் இத்தனை வருசம் இருந்தவளுக்கு ஒருவர் சொல்லவா வேண்டும்? போதாக்குறைக்கு, போன கிழமை அதே தட்டில்தான் மீன் வைத்து எடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பறவாயில்லையடி, நீ நினைச்சதே காணும்" என்றார். அது எனக்கு இன்னும் சுட்டது. அன்றைக்கும் அவருடைய குளிசை வெறும் வயிற்றில்தான் இறங்கியது. அந்தத் தட்டை என் மனிதர் தனியாளாக வழித்து முடித்தார். வருத்தக்காரச் சாப்பாடாம்!

அன்று பின்னேரமே சுன்னாகத்துக்குப் போய்ப் புதுத் தட்டு ஒன்று வாங்கினேன். அவணை உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டால், "முட்டைக்குப் பதிலா வாழைப்பழத்தை மசிச்சுப் போடுங்கோ அம்மா, அவ்வளவுதான்" என்று சிரிக்கிறாள். அடுத்த நாள் காலை தலை முழுகிவிட்டு, கனிந்த இதரைப் பழம் மூன்றை மசித்துப் போட்டு, மறுபடி செய்தேன். "பூசை வைக்கப் போறீரோ?" என்று கேட்டார் என் மனிதர். "ஓம், உமக்கு" என்றேன்.

அக்கா ஒரு துண்டை வாழையிலையில் வைத்து, மதிலில் கொண்டுபோய் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். காகம் வந்தது. இலையைச் சுற்றி நடந்தது. ஒரு கொத்துக் கொத்தி, தலையை உதறி, கொத்தியதைக் கீழே போட்டுவிட்டு எட்டி நின்றது. அக்காவின் முகம் அப்படியே செத்துப்போனது. காகம் எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்தக் காகத்தைச் சாப்பிட வையும்" என்று செபம் பண்ணினேன். போதகர் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

திடீரென்று அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. செத்தவீட்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. கண்ணைத் திறந்தேன். காகம் திரும்பி வந்து ஓட்ஸைக் கிளறித் தள்ளிவிட்டு, கஜுவை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"அவரேதான்! புக்கையிலை கஜுவைப் பொறுக்கித் திண்டுட்டு மிச்சத்தை என்ரை கோப்பையிலை தள்ளுறவர்!"

சிரித்துக்கொண்டே மதிலடியில் குந்தினார். நான் கொடுத்த துண்டை வாங்கி ஒரு கடி கடித்தார். பிறகுதான் அழுகை வந்தது.

"அவர் கேட்டவர், பிள்ளை. கடிச்சுத் தின்ன ஏதாவது தாவன் எண்டு. புரைக்கேறிப் போடுமெண்ட பயத்திலை நான் கடைசி மட்டும் தண்ணியாத்தான் கரைச்சுக் குடுத்தன்."

"வேறை என்ன அக்கா செய்யிறது? டொக்டர் அப்பிடித்தானே சொன்னவர்" என்றேன். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுதழுது அக்கா அந்தத் துண்டு முழுவதையும் சாப்பிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். காகம் வெறும் இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கஜுவைக் கொஞ்சம் கூடப் போடு, பிள்ளை" என்றார் அக்கா. "அந்த மனிசனுக்கு உது காணாது."