ஆளுக்கொரு நாள் விதைப்பு

நனைந்த சாமைக் கதிர் தாளிலேயே முளைவிட்டால் புளித்த கூழ் போல ஒரு வாடை வரும்; எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தேரி மலையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான், சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதுதான் முதலில் மூக்கில் ஏறியது.

எங்கள் ஊரில் யாரும் இஷ்டத்துக்கு விதைத்துவிட முடியாது. கோடை மழை இறங்கியதும் ஊர்த் தலைவரான "ஊர்க்கவுண்டர்" கோயிலில் பூசை போட்டு நாள் சொல்வார், அன்றைக்கே மலைச்சரிவில் இருக்கும் எல்லாக் "கொல்லை"யிலும் சாமை விழும். ஒன்றாய் விதைத்தால்தான் கதிர் ஒன்றாய் முற்றும், குருவிக் கூட்டமும் ஒரே வீட்டைக் காலி பண்ணாமல் ஊர் முழுக்கப் பிரித்துத் தின்னும் என்பது கணக்கு. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு வந்தது. ஊரே குஷியாய் விதைத்தது. அதோடு மழை நின்றுபோய், முளைத்ததெல்லாம் கருகியது.

கவுண்டர் மறுபடி நாள் சொன்னபோது எங்களிடம் விதை இல்லை. சோற்றுக்கென்று குத்தாமல் வைத்திருந்த சாமைதான் இருந்தது. அப்பா அந்தக் கூடையைத் தூக்க, அம்மா வாசலை மறித்தாள்.

"புள்ளைங்க வவுத்துக்கு என்னத்தப் போடறது?"

"ஊரே வெதைக்குது. நம்ம கொல்ல சும்மா கெடந்தா வருசம் பூரா என்னத்தத் திங்கறது?" என்று அப்பா கூடையோடு போய்விட்டார்.

காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று காத்திருந்தோம். பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வேண்டியபோது வராத மழை, அறுத்துப் போட்ட வாரத்தில் விடாமல் கொட்டியது. முளைவிட்ட கதிரை வீட்டுக்குள் பரப்பி உலர்த்தப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை. அப்பா குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார், என்னை மலைக்குக் கீழே பள்ளி விடுதியில் விட்டார்கள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் அது, இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் பாப்பிரெட்டிப்பட்டியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மலையில் நாள் சொல்ல யாரும் துணிவதில்லை, மழை பொய்த்தால் பழியை யார் சுமப்பது? ஆளுக்கொரு நாள் விதைக்கிறார்கள். யார் கொல்லை முதலில் முற்றுகிறதோ அதில் மொத்தக் குருவியும் இறங்குகிறது. போன வாரம் ஒரு மழை பெய்ததும் அம்மா போன் செய்தாள்.

"போன்ல மழ காட்டுமாமே, பாத்துச் சொல்லு கண்ணு. வெதைக்கட்டுமா?"

பார்த்தேன். இன்று மழை என்றது, நாளை வெயில் என்றது, அதற்கப்புறம் அதற்கே நிச்சயமில்லை.

"தெரியலம்மா."

"அப்ப பாதிய வெதைக்கறேன், பாதி கெடக்கட்டும்" என்றாள்.

அரைக் கொல்லை மட்டும் விதைத்த வீடு என்று எங்கள் மலையில் அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.